ஸ்டாண்டப்பில் போர்டைக் காட்ட ஒரு கருவி: ஆளைக் காட்டுவதா, வேலையைக் காட்டுவதா?

சரவணம்பட்டி_லீட்:

வணக்கம்ங்க. எங்கள் டீமின் காலை ஸ்டாண்டப்புக்காக (தினமும் நடக்கிற சின்ன நிலவரக் கூட்டம்) சின்னதாக ஒரு கருவி எழுதியிருக்கிறேன். மேற்கொண்டு அதில் கை வைப்பதற்கு முன்னால் இங்கே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுதான் இந்த இழை.

டீமில் பாதிப் பேர் சரவணம்பட்டி அலுவலகத்துக்கு வருகிறார்கள். மீதிப் பேர் ஈரோடு, கோபி, பொள்ளாச்சி என்று அவரவர் வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள். கிளையன்ட் ஜெர்மனியில். டிக்கெட் எல்லாம் ஜிரா கிளவுடில் (ஒவ்வொரு வேலையையும் ஒரு கார்டாக, நிலை வாரியாகக் காலம், அதாவது column, பிரித்த போர்டில் காட்டும் சேவை). காலையில் யாராவது ஒருவர் ஸ்கிரீன் ஷேர் செய்து போர்டைத் திறப்பார். ஒவ்வொருவர் முறை வரும்போதும் அவருடைய படத்தைக் கிளிக் செய்து வடிகட்ட வேண்டும். கார்டைத் திறந்தால் இன்னொரு பலகம் விரியும். அதை மூடியதும் பார்த்துக்கொண்டிருந்த இடம் எது என்று மறுபடி தேட வேண்டும். "கொஞ்சம் இருங்க, லோடு ஆகுது" என்பதிலேயே பாதி நேரம் போகிறது. பதினைந்து நிமிடக் கூட்டம் அரை மணியைத் தாண்டுகிறது.

நான் எழுதியது ஒரு வலைப்பக்கம். ஜிராவிலிருந்து கார்டுகளை எடுத்துவந்து, ஒரு நேரத்தில் ஒருவருடைய கார்டுகளை மட்டும் பெரிய எழுத்தில் காட்டும். யார் முதலில் என்பதைத் தினமும் குலுக்கிப் போடும். ஆளுக்கு ஒன்றரை நிமிடம், மேலே டைமர் ஓடும். வலது அம்புக்குறியை அழுத்தினால் அடுத்தவர். நேற்றிலிருந்து நகர்ந்த கார்டுகள் தனி நிறத்தில் மேலே வந்துவிடும்.

கூட்டம் சுருங்கிவிட்டது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ரிவியூ காலத்தில் (எழுதியதை வேறொருவர் சரிபார்க்க வேண்டிய column) நிற்கிற கார்டுகள் வாரக்கணக்கில் அங்கேயே நிற்கின்றன. எழுதியவர் "ரிவியூவுக்குக் கொடுத்துட்டேன்" என்கிறார். ரிவியூ செய்ய வேண்டியவருடைய பெயரில் அந்தக் கார்டு இல்லாததால், அவர் முறை வரும்போது அது திரையில் வருவதே இல்லை. இதை எப்படிச் சரிசெய்வது? கருவியில் ஒரு அம்சம் சேர்த்தால் போதுமா, இல்லை அடிப்படையையே மாற்ற வேண்டுமா?

பீளமேடு_கியூஏ:

அண்ணா, அடிப்படையையே மாற்றுங்கள் என்றுதான் நான் சொல்வேன். நான் டெஸ்டர். ஆள் வாரியாகப் போகிற ஸ்டாண்டப்பில் அதிகம் அடிபடுவது எங்கள் பக்கம்தான். ஆறு டெவலப்பரும் ஒருவர் பின் ஒருவராக "முடிச்சுட்டேன், டெஸ்டிங்ல இருக்கு" என்பார்கள். கடைசியில் என் முறை வரும்போது என் தலையில் பதினான்கு கார்டு. எனக்கும் ஒன்றரை நிமிடம்தான்.

ஆளை விட்டுவிட்டு போர்டில் ஒவ்வொரு காலமாகப் போங்கள், அதுவும் வலமிருந்து இடமாக. முடிந்தது என்கிற காலத்துக்கு மிக அருகில் இருப்பது எது? அதை இன்றைக்கே முடிக்க என்ன வேண்டும், யார் கை கொடுக்க முடியும்? இந்தக் கேள்வியை அந்தக் கார்டிடம் கேட்டுவிட்டு, அப்புறம் இடப்பக்கம் நகர வேண்டும். புதிதாக ஆரம்பிக்க வேண்டிய வேலையைப் பற்றிக் கடைசியில் பேசினால் போதும். பெரும்பாலான நாட்களில் அதைப் பேச வேண்டிய தேவையே வராது.

இப்படிப் போனால் ரிவியூவில் நிற்கிற கார்டைத் தாண்டி யாரும் போக முடியாது. யார் பெயரில் இருந்தாலும் அது திரைக்கு வந்தே தீரும்.

ஈரோடு_டெவ்:

நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், தடை என்ன என்கிற மூன்று கேள்விகளும்தானே ஸ்கிரம் (மென்பொருள் டீம்கள் குறுகிய சுற்றுகளாக வேலை செய்யும் முறை)? அதை எடுத்துவிட்டால் அது ஸ்டாண்டப்பே இல்லையே. எங்கள் மேனேஜர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

சூலூர்_ஸ்கிரம்:

மேனேஜரிடம் இதைக் காட்டுங்கள், ஒப்புக்கொள்வார். கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லாண்டும் எழுதுகிற ஸ்கிரம் கையேட்டின் 2017 பதிப்பிலேயே அந்த மூன்று கேள்விகள் "இப்படியும் கேட்கலாம்" என்ற அளவுக்கு இறங்கிவிட்டன. 2020 பதிப்பில் அவை இல்லவே இல்லை. இப்போது இருப்பது இவ்வளவுதான்: பதினைந்து நிமிடம், டெவலப்பர்களுக்கான கூட்டம், ஸ்பிரிண்ட் (ஒரு வேலைச் சுற்று) இலக்கை நோக்கி எங்கே இருக்கிறோம் என்று பார்த்து அடுத்த ஒரு நாளுக்குத் திட்டம் போட வேண்டும். எந்த வடிவத்தில் நடத்துவது என்பதை டெவலப்பர்களே தேர்ந்துகொள்ளலாம் என்றும் அதில் தெளிவாக இருக்கிறது.

போர்டை முன்வைத்துப் பேசும் பழக்கம் கான்பன் (ஓடுகிற வேலையைப் போர்டில் காட்டி, அளவோடு எடுக்கிற முறை) பக்கத்திலிருந்து வந்தது. டொயோட்டாவில் டாய்ச்சி ஓனோ உற்பத்திக்காகச் செய்ததை, மென்பொருள் வேலைக்கு டேவிட் ஆண்டர்சன் கொண்டுவந்தார். அவர் அதை முதலில் முயன்றது 2004இல் மைக்ரோசாஃப்டின் ஒரு பராமரிப்பு டீமுக்காக. அந்த டீம் இருந்தது ஹைதராபாதில். இது எங்கோ வெளிநாட்டு வழக்கம், நமக்கு ஒத்துவராது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லலாம்.

பவர்_டேபிள்:

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் இஆர்பி (கம்பெனி நிர்வாக மென்பொருள்) டீமில் இருக்கிறேன். பீளமேட்டுச் சகோதரி சொன்னதை நாங்கள் கீழ்த்தளத்தில் தினமும் கண்ணால் பார்க்கிறோம்.

கட்டிங்கிலிருந்து பண்டல் பண்டலாகத் துணி தையல் லைனுக்கு வரும். ஓவர்லாக், பிளாட்லாக், அப்புறம் செக்கிங், அயர்னிங், பேக்கிங். லைன் சூப்பர்வைசர் காலையில் வந்ததும் ஒவ்வொரு டெய்லரிடமும் போய் "நேத்து என்ன தெச்சீங்க" என்று கேட்பதில்லை. எந்த இரண்டு மிஷினுக்கு நடுவில் பண்டல் குவிந்திருக்கிறதோ, நேராக அங்கே போவார். செக்கிங் டேபிளில் மலை மாதிரி கிடக்கும்போது இன்னும் கட் பண்ணி உள்ளே தள்ளினால் கண்டெய்னர் ஒரு நாள்கூட முன்னால் கிளம்பாது. அரைகுறையாகத் தைத்த பீஸில் முடங்குவது நூல் வாங்கிய காசு. அதனால் கட்டிங்கைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு இரண்டு பேரைச் செக்கிங்குக்கு மாற்றுவார். ஷிப்மென்ட் தேதி ஒன்றுதான் அவர் கண்ணில் இருக்கும்.

லீட் அண்ணன் டீமில் குவியல் இருப்பது ரிவியூவில். அவருடைய கருவி அந்தக் குவியலைத் துண்டு துண்டாக்கி, அவரவர் பெயருக்கு அடியில் மறைத்துவிடுகிறது. டைமரைக் கொஞ்சம் நீட்டுவதாலோ நிறத்தை மாற்றுவதாலோ இது சரியாகாது. குவியலை முழுசாகப் பார்க்கிற திரை வேண்டும்.

சரவணம்பட்டி_லீட்:

சரிங்க, காலம் வாரியான பார்வை ஒன்றை இன்று சாயங்காலமே சேர்த்துவிடுகிறேன். கார்டுகள் எந்த வரிசையில் வர வேண்டும்? இப்போதைக்கு முன்னுரிமைப்படி அடுக்கியிருக்கிறேன்.

பீளமேடு_கியூஏ:

வயதுப்படி அடுக்குங்கள். மிகப் பழைய கார்டு மேலே. முன்னுரிமை என்று பார்த்தால் எல்லாமே "ஹை"தான். வயது பொய் சொல்லாது.

கருமத்தம்பட்டி:

வயதைக் காட்டுவது என்றால் வெறும் எண்ணாகக் காட்டினால் யாருக்கும் உறைக்காது. 6 நாள் என்பது அதிகமா, சாதாரணமா? ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கோடு வேண்டும். உங்கள் டீம் கடைசியாக முடித்த நூறு கார்டுகளை எடுத்து, அவற்றில் 85 கார்டுகள் எத்தனை நாளுக்குள் முடிந்தன என்று பாருங்கள். அது 9 நாள் என்று வைத்துக்கொள்வோம். 9 நாளைத் தாண்டி நிற்கிற எந்தக் கார்டும் வழக்கத்துக்கு மாறானது. அதைப் பற்றிப் பேசித்தான் ஆக வேண்டும். 7, 8 நாளில் இருப்பது எச்சரிக்கை. மற்றதை ஓடவிடலாம். இப்படிச் செய்தால் போர்டில் முப்பது கார்டு இருந்தாலும் வாய் திறந்து பேச வேண்டியது நாலோ ஐந்தோதான். கூட்டம் தானாகச் சுருங்கும்.

இன்னொன்று, ஓடிக்கொண்டிருக்கிற மொத்தக் கார்டுகளின் எண்ணிக்கையைத் திரையின் மூலையில் போடுங்கள். ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி இங்கே அப்படியே பொருந்தும்: ஒரு கார்டு முடிய ஆகும் சராசரி நேரம் என்பது கையில் இருக்கிற கார்டுகளை, ஒரு நாளைக்கு முடிகிற கார்டுகளால் வகுத்தது. 24 கார்டு ஓடுகிறது, ஒரு நாளைக்கு 3 முடிகிறது என்றால் சராசரி 8 வேலை நாள். முடிக்கிற வேகம் அதேதான், ஆனால் ஒரே சமயத்தில் 12க்கு மேல் எடுப்பதில்லை என்று வைத்தால் 4 நாள். உள்ளே வருவதும் வெளியே போவதும் ஏறத்தாழ சமமாக இருக்கிற டீமுக்கு இந்தக் கணக்கு சரியாக வரும். எடுத்த வேலையைப் பாதியில் கைவிடுகிற டீமுக்கு வராது.

இந்த ஒரு எண்ணைத் தினமும் எல்லோரும் பார்த்தாலே, புதுக் கார்டை இழுப்பதற்கு முன்னால் கை கொஞ்சம் தயங்கும். ஜிரா போர்டிலேயே காலத்துக்கு உச்சவரம்பு வைக்கலாம், தாண்டினால் அந்தக் காலம் சிவப்பாகும். உங்கள் கருவியும் அதே வரம்பைக் காட்டட்டும்.

பெருந்துறை_டிரெய்னர்:

எல்லோரும் ஒரே பக்கமாகப் போகிறீர்கள், அதனால் மறுபக்கத்தைச் சொல்கிறேன். நான் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். நாமக்கல், சங்ககிரி, கோபி பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து வருகிறார்கள். நல்ல மூளை, நல்ல உழைப்பு. ஆனால் கூட்டத்தில் தானாக வாய் திறக்க மாட்டார்கள். அதுவும் கிளையன்ட் லைனில் இருந்து ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்றால் சொல்லவே வேண்டாம். ஆள் வாரியாகப் போகும்போது அவர்களுக்கு என்று ஒரு முறை வருகிறது, பேசியே ஆக வேண்டும். கார்டு வாரியாகப் போனால் சத்தமாகப் பேசுகிற இரண்டு சீனியர்களே எல்லாக் கார்டுக்கும் பதில் சொல்லிவிடுவார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் மூன்று நாளாக ஒரே இடத்தில் முட்டிக்கொண்டிருப்பது யாருக்கும் தெரியாமல் போகும். இதை நான் நிறைய டீமில் பார்த்திருக்கிறேன்.

ஆளைக் காட்டுவது கெட்டது என்று ஒரேயடியாக ஒதுக்காதீர்கள்.

பவர்_டேபிள்:

நீங்கள் சொல்வது நியாயம்ங்க. ஆனால் மூன்று நாளாக முட்டிக்கொண்டிருக்கிற அந்தக் கார்டு வயது வரிசையில் மேலே வருமே?

பெருந்துறை_டிரெய்னர்:

கார்டு வரும். பேசுவது யார் என்பதுதான் என் கேள்வி.

சூலூர்_ஸ்கிரம்:

டிரெய்னர் சொல்வதை நான் முழுசாக ஏற்கிறேன். இரண்டையும் சேர்த்து நடத்த வழி இருக்கிறது. கார்டைக் கையில் வைத்திருப்பவர்தான் அதைப் பற்றி முதல் வாக்கியம் பேச வேண்டும் என்று ஒரு வழக்கம் வையுங்கள். சீனியர் அதற்கப்புறம்தான் பேசலாம். புதியவர்கள் தமிழில் சொல்லட்டும். கிளையன்ட் இல்லாத ஸ்டாண்டப்பை ஆங்கிலத்தில் நடத்த வேண்டிய கட்டாயம் என்ன இருக்கிறது? போர்டு முழுக்க முடிந்ததும் கருவி ஒரு கடைசித் திரை காட்டட்டும்: இன்று எந்தக் கார்டிலும் பெயர் வராதவர்கள் யார் யார். அவர்களிடம் "உங்களுக்கு ஏதாச்சும் இருக்குங்களா" என்று கேட்டுவிட்டு முடிக்கலாம். கார்டே இல்லாத வேலையில் ஒருவர் மாட்டிக்கொண்டிருப்பதும் அங்கேதான் தெரியவரும். புரொடக்ஷன் சப்போர்ட், கிளையன்டின் திடீர் போன், இதெல்லாம் போர்டில் ஏறாமலே ஒருவருடைய முழு நாளையும் தின்றுவிடும்.

பெருந்துறை_டிரெய்னர்:

அந்தக் கடைசித் திரை இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

சரவணம்பட்டி_லீட்:

கடைசித் திரை நல்ல யோசனை, சேர்க்கிறேன். இப்போது வயதுக் கணக்கில் ஒரு சிக்கல். ஜிராவில் கார்டு கடைசியாக மாறிய நேரம் என்று ஒரு புலம் இருக்கிறது. அதை வைத்துக் கணக்கிட்டால் எல்லாக் கார்டும் நேற்றுப் பிறந்த மாதிரி காட்டுகிறது.

ஈரோடு_சர்வர்:

அந்தப் புலத்தைத் தொடவே தொடாதீர்கள். யாராவது ஒரு கமென்ட் போட்டாலும், லேபிள் மாற்றினாலும் அது புதுப்பிக்கப்படும். உங்களுக்கு வேண்டியது நிலை மாறிய நேரம். ஒவ்வொரு கார்டுக்கும் மாற்ற வரலாறு ஏபிஐ (ஒரு நிரல் ஜிராவிடம் தகவல் கேட்கிற வழி) வழியாகக் கிடைக்கும். அதில் நிலைப் புலம் மாறிய பதிவுகளை மட்டும் பொறுக்குங்கள். வரலாறு நீளமான கார்டுகளுக்கு அது பக்கம் பக்கமாகத்தான் வரும், முதல் பக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும், ஒரே காலத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நிலைகளை இணைத்திருக்கலாம். நிலை மாறியும் காலம் மாறாமல் இருக்கும். அதனால் போர்டின் அமைப்பை முதலில் வாங்கி, எந்த நிலை எந்தக் காலம் என்று பொருத்திவிட்டு அப்புறம் எண்ணுங்கள்.

டெஸ்டிங்கிலிருந்து டெவலப்மென்டுக்குத் திரும்பி வருகிற கார்டுக்கு வயதைப் பூஜ்யமாக்கக் கூடாது. முதன்முதலில் வேலை தொடங்கிய நாளிலிருந்து ஓடட்டும். அதோடு, இந்தக் காலத்தில் எத்தனை நாள் என்று இரண்டாவதாக ஒரு எண் காட்டலாம். இரண்டும் வேண்டும். மொத்த வயது 11, இந்தக் காலத்தில் 1 என்றால் பந்தாடப்படுகிற கார்டு. 11, 10 என்றால் மறந்துபோன கார்டு. பேச வேண்டிய பேச்சே வேறு.

முக்கியமான கேள்வி ஒன்று: ஜிராவோடு எப்படிப் பேசுகிறீர்கள்? உங்கள் சொந்த டோக்கனை (கடவுச்சொல் மாதிரியான அனுமதிச் சாவி) வலைப்பக்கத்துக்குள்ளேயே வைத்திருக்கிறீர்களா?

சரவணம்பட்டி_லீட்:

இல்லைங்க. நடுவில் சின்னதாக ஒரு சர்வர் இருக்கிறது, டோக்கன் அதில்தான். ஆனால் என் பெயரில் எடுத்த டோக்கன்தான்.

ஈரோடு_சர்வர்:

நடுவில் சர்வர் வைத்தது நல்லது. பக்கத்துக்குள் வைத்தால் அந்தப் பக்கத்தைத் திறக்கிற யாரும் டோக்கனை எடுத்துவிடலாம். ஆனால் உங்கள் பெயரில் இருக்கிற டோக்கனுக்கு உங்களுக்கு இருக்கிற எல்லா உரிமையும் உண்டு. கார்டை அழிக்கிற உரிமையும் சேர்த்துத்தான். அந்த ஒரு ப்ராஜெக்டைப் படிக்க மட்டும் அனுமதி உள்ள தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி அதன் டோக்கனைப் போடுங்கள். டோக்கனுக்கு இப்போது காலாவதி உண்டு, அதிகபட்சம் ஓராண்டு. தேதியை டீம் காலண்டரில் குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு நாள் காலை பத்து மணிக்கு எல்லோரும் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள்.

ஒவ்வொருவர் பக்கம் திறக்கும்போதும் ஜிராவிடம் போகாதீர்கள். அளவுக்கு மீறிக் கேட்டால் 429 என்கிற பிழை எண்ணோடு திருப்பி அனுப்பும், எவ்வளவு நேரம் கழித்து வரலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லும். அதை மதித்துக் காத்திருக்க வேண்டும். சர்வர் ஒரு தடவை வாங்கி வைத்துக்கொண்டு எல்லோருக்கும் பரிமாறட்டும். வெப்ஹுக் (மாற்றம் நடந்ததும் ஜிராவே அனுப்புகிற செய்தி) வழியாக மாற்றங்களை வாங்கலாம். ஆனால் வெப்ஹுக்கை மட்டும் நம்பாதீர்கள், உங்கள் சர்வர் தூங்குகிற நேரத்தில் வந்தது வராமலே போகலாம். ஸ்டாண்டப்புக்கு ஐந்து நிமிடம் முன்னால் ஒரு முறை முழுசாக வாங்கிக்கொண்டால் கவலையே இல்லை.

அலுவலகத்தில் பெரிய டிவியில் ஓடவிடுகிறீர்களா? அப்படியானால் எந்த இடத்தில் என்று யோசியுங்கள். கிளையன்ட் ஜெர்மனி என்கிறீர்கள். கார்டுத் தலைப்பில் அவர்களுடைய வாடிக்கையாளர் பெயர் இருந்து, அது வரவேற்பறைக்குத் தெரிகிற மாதிரி டிவியில் ஓடினால், 2018 மே மாதத்திலிருந்து அமலில் இருக்கிற ஜிடிபிஆர் (ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம்) கேள்வி கேட்கும். கூட்டம் முடிந்ததும் திரை தானாக அணைந்துவிட வேண்டும்.

கோபி_வாசி:

வீட்டிலிருந்து சேர்கிறவர்கள் பக்கத்திலிருந்து ஒரு வேண்டுகோள். தயவுசெய்து இந்தக் கருவியை ஸ்கிரீன் ஷேர் வழியாகக் காட்டாதீர்கள். எங்கள் ஊரில் மழை பெய்தால் லைன் மெதுவாகிவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துகிற நாளில் போன் ஹாட்ஸ்பாட்டில்தான் உட்கார்ந்திருப்பேன். வீடியோவாக வருகிற போர்டில் சின்ன எழுத்து எல்லாம் கலங்கிப்போய் வரும். "ரெண்டாவது கார்டு" என்று நீங்கள் சொல்லும்போது என் திரையில் இன்னும் முதல் கார்டே தெளிந்திருக்காது.

அதற்குப் பதில் எல்லோரும் அவரவர் பிரவுசரில் அதே பக்கத்தைத் திறந்துகொள்வோம். நடத்துபவர் அம்புக்குறியை அழுத்தினால் எல்லோர் பக்கமும் சேர்ந்து நகரட்டும். நகர வேண்டியது "இப்போது இந்தக் கார்டு" என்கிற ஒரு சின்னச் செய்தி மட்டும்தான், வெப்சாக்கெட் (பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவில் திறந்தே இருக்கிற இணைப்பு) ஒன்று போதும். குரலுக்கு மட்டும் கால். என்னால் கார்டைச் சொந்தமாகப் பெரிதாக்கிப் படிக்கவும் முடியும்.

நடத்துபவர் பொறுப்பும் கை மாறட்டும். அலுவலகத்தில் இருப்பவரே எப்போதும் நடத்தினால், அறையில் இருப்பவர்களைப் பார்த்தே பேசுவார். நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறவர்களாக மட்டும் ஆகிவிடுகிறோம்.

சரவணம்பட்டி_லீட்:

இது என் மண்டையில் வரவே இல்லைங்க. இதுதான் முதலில் செய்ய வேண்டியது போலிருக்கிறது.

காந்திபுரம்_பழையவர்:

இழை முழுக்கப் படித்தேன். எல்லாம் நல்ல யோசனைகள். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. உங்கள் கருவிக்கு இப்போது யார் எந்தக் கார்டை எத்தனை நாள் வைத்திருந்தார் என்பது தெரியும். நாளைக்கே ஒருவர் வந்து "அதை ஆள் வாரியாக ஒரு எக்செலாகக் கொடுங்கள், அப்ரைசலுக்கு ஆகும்" என்பார். கட்டாயம் வருவார்.

அந்த நாளோடு போர்டு செத்துவிடும். ஆட்கள் கார்டைச் சின்னச் சின்னதாக வெட்டுவார்கள். தடை இருப்பதைக் காட்டாமல் மறைப்பார்கள். முடியாததை முடிந்த காலத்துக்கு நகர்த்திவிட்டு, அப்புறம் பக் என்று புதிதாகத் திறப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, சம்பள உயர்வு அதில் தொங்கும்போது யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். பிறகு அந்தத் திரையில் தெரிகிற எதையும் நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது.

அதனால் ஆள் வாரியான எண்ணிக்கையைக் கருவி சேமிக்கவே கூடாது. வயது கார்டுக்கு மட்டும். அந்த ஒன்றரை நிமிட டைமரையும் எடுத்துவிடுங்கள், தலைக்கு மேல் கடிகாரம் ஓடும்போது யாரும் சிக்கலைச் சொல்ல மாட்டார்கள், "எல்லாம் சரியா போகுது" என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். கூட்டம் முழுமைக்கும் ஒரே டைமர் போதும்.

பீளமேடு_கியூஏ:

இதைப் பத்துத் தடவை வழிமொழிகிறேன். தடை இருக்கிறது என்று தைரியமாகச் சொல்ல முடிகிற இடமாகத்தான் ஸ்டாண்டப் இருக்க வேண்டும். ஜிராவில் கார்டுக்குக் கொடி போடும் வசதி இருக்கிறது, போட்டால் மஞ்சளாகும். கொடி போட்டவரைக் கேள்வி கேட்டால் அடுத்த முறை யாரும் போட மாட்டார்கள். கருவியில் கொடி போட்ட கார்டுகளை வயது பார்க்காமல் எல்லாவற்றுக்கும் மேலே கொண்டுவாருங்கள். ஆனால் நிறத்தை மட்டும் நம்பாமல் ஓர் அடையாளமும் சேர்த்துப் போடுங்கள். எங்கள் டீமில் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும்.

ஈரோடு_டெவ்:

ஒரு சந்தேகம். எங்கள் கிளையன்ட் சைடில் இன்னும் பழைய ஜிரா சர்வர்தான் (சொந்தக் கம்ப்யூட்டரில் நிறுவி ஓட்டுகிற ஜிரா). இந்தக் கருவி அதோடு வேலை செய்யுமா?

ஈரோடு_சர்வர்:

ஏபிஐ கொஞ்சம் மாறும், வேலை செய்ய வைக்கலாம். ஆனால் ஜிரா சர்வருக்கான ஆதரவு 2024 பிப்ரவரி 15ஓடு முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. கருவியைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் அதை மாற்றச் சொல்லுங்கள்.

சிட்கோ_பம்ப்:

நான் குறிச்சியில் ஒரு பம்ப் கம்பெனியில் மூன்று பேர் கொண்ட மென்பொருள் டீமில் இருக்கிறேன். ஜிராவுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்ட எங்கள் முதலாளி ஒப்புக்கொள்ள மாட்டார். ட்ரெல்லோவில் (இன்னொரு போர்டு சேவை) கார்டு ஏஜிங் என்று ஒரு பவர்-அப் (கூடுதல் வசதி) உண்டு, தொடாமல் கிடக்கிற கார்டு மெல்ல மங்கிப்போகும். பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் டேட்டா எங்கள் சர்வரிலேயே இருக்க வேண்டும் என்றார்கள். அதனால் கான்போர்டுக்கு வந்துவிட்டோம். திறந்த மூலம், பிஎச்பியும் எஸ்க்யூலைட்டும் போதும், பழைய கம்ப்யூட்டரிலேயே ஓடுகிறது. காலத்துக்கு உச்சவரம்பு வைக்கலாம். கார்டின் மொத்த வயது, இந்தக் காலத்தில் எத்தனை நாள் என்கிற இரண்டும் கார்டின் மேலேயே தெரியும். மேலே சர்வர் அண்ணன் சொன்ன இரண்டு எண்களும் அதில் ஏற்கெனவே இருக்கின்றன. புதிய அம்சங்கள் இனி பெரிதாக வராது, பராமரிப்பு நிலையில்தான் இருக்கிறது. எங்களுக்கு அது குறையாகத் தெரியவில்லை.

எங்கள் கார்டுகள் தமிழில் இருக்கும், ஷாப் ஃப்ளோர் ஆட்களும் வந்து பார்ப்பார்கள் என்பதால். டிவிக்குப் பின்னால் ராஸ்ப்பெர்ரி பை (கையடக்கக் கம்ப்யூட்டர்) வைத்து குரோமியம் பிரவுசரை முழுத்திரையில் ஓடவிட்டிருக்கிறோம். புதிதாகப் போட்ட சிஸ்டத்தில் தமிழ் எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாக வந்தது, நோட்டோ சான்ஸ் தமிழ் நிறுவியதும் சரியாயிற்று. வரி உயரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள், இல்லாவிட்டால் மேலே இருக்கிற கொம்பும் கீழே இருக்கிற சுழியும் வெட்டுப்படும். தமிழ்த் தலைப்பு நீளமாக இருக்கும், ஒரே வரியில் அடைத்துப் புள்ளி வைத்து வெட்டாமல் இரண்டு வரிக்கு இடம் விடுங்கள்.

சரவணம்பட்டி_லீட்:

காலம் வாரியான பார்வை, வயது வரிசை, எல்லோர் பக்கமும் சேர்ந்து நகர்வது, கொடி போட்டது மேலே, இதெல்லாம் இப்போது ஓடுகிறது. ஆளுக்கான டைமரை எடுத்துவிட்டேன். படிக்க மட்டும் உரிமையுள்ள கணக்குக்கு மனு போட்டிருக்கிறேன். ரிவியூவில் கிடந்த கார்டுகளை முதல் நாளே இரண்டு பேர் பங்கிட்டு எடுத்துக்கொண்டார்கள், யாரும் கேட்கக்கூட இல்லை. மேலே வரிசையாகத் தெரிந்ததும் அவர்களே எடுத்தார்கள்.

ஒன்று மட்டும் உதைக்கிறது. "நேற்றிலிருந்து நகர்ந்தவை" என்று 24 மணி நேரம் பின்னால் போகிறேன். திங்கட்கிழமை காலையில் எதுவுமே நகராத மாதிரி காட்டுகிறது. பொங்கல் மாதிரி தொடர் விடுமுறைக்கு அப்புறம் என்ன ஆகும் என்று நினைத்தாலே தலை சுற்றுகிறது. எங்களுக்கு மாட்டுப் பொங்கலும் உழவர் திருநாளும் லீவு, ஜெர்மன்காரர்களுக்கு வேலை நாள். அவர்களுக்கு அக்டோபர் 3 லீவு, நமக்கு அப்போது வேறு கணக்கு. விடுமுறைப் பட்டியல் எல்லாம் உள்ளே எழுத வேண்டுமா?

கருமத்தம்பட்டி:

கார்டின் வயதுக்கு விடுமுறையைக் கழிக்காதீர்கள். கிளையன்ட் காத்திருப்பது காலண்டர் நாள்தான். அந்த 85 சதவீதக் கோட்டையும் காலண்டர் நாளிலேயே போட்டால் இரண்டும் ஒத்துப்போகும்.

ஈரோடு_சர்வர்:

"நேற்றிலிருந்து" என்பதற்குப் பட்டியல் எதுவும் வேண்டாம்ங்க. கூட்டம் முடிந்ததும் நடத்துபவர் "முடிந்தது" என்று ஒரு பொத்தானை அழுத்தட்டும், அந்த நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரம்) சேமித்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்த நேரத்துக்குப் பிறகு நகர்ந்தவற்றைக் காட்டுங்கள். சனி ஞாயிறு வந்தாலும் பொங்கல் வந்தாலும் கடைசிக் கூட்டத்திலிருந்து நகர்ந்தது எல்லாம் வரும். ஜெர்மனியில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுவார்கள். நமக்கும் அவர்களுக்கும் உள்ள வித்தியாசம் குளிர்காலத்தில் நாலரை மணி, கோடையில் மூன்றரை. அதனால் உங்கள் கூட்ட நேரம் நகர்ந்தாலும் இந்தக் கணக்கு கெடாது.

பொத்தானை அழுத்த மறந்துவிட்டால், கடைசிக் கார்டைக் காட்டிய நேரத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சரவணம்பட்டி_லீட்:

இவ்வளவு எளிதாக முடியும் என்று நினைக்கவே இல்லை. அப்படியே செய்துவிடுகிறேன். கோபி அக்கா, திங்கட்கிழமை நீங்கள்தான் நடத்துகிறீர்கள்.

கோபி_வாசி:

சரிங்க.